ஆறு நாள் லாபம்

அவளுடைய கணவர் கணக்குத் தணிக்கையாளர். நஷ்டம் வரும்போலத் தெரிந்தாலே உடனே எழுதிவிட வேண்டும், லாபத்தை உறுதியான பிறகுதான் எழுத வேண்டும் என்பது அவர் தொழில் தர்மம். நல்ல விதிதான். அதை எதற்கு வீட்டுக்குள் கூட்டிவந்தார் என்பதுதான் அவளுக்கு எரிச்சல். வானம் லேசாக இருட்டினால் கொடித்துணி நனைந்தே போனதாகப் புலம்புவார். மகளுக்கு வேலை கிடைத்ததைப் பற்றியோ, முதல் சம்பளம் வரும்வரை யாரிடமும் மூச்சு விடவில்லை.

"அக்கா வீட்டுல பத்து நாள் இருந்துட்டு வரேன்" என்று அவள் கிளம்பியதுமே, பத்து நாள் நஷ்டத்தையும் மொத்தமாக எழுதி மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

நாலாம் நாளே அக்காவோடு வாய்த்தகராறு. "இன்னிக்கே வரேன்" என்று போன் செய்தாள்.

"வந்தா பாக்கலாம்" என்றார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாசலில் பெட்டியோடு நின்றவளையும் உம்மென்றுதான் பார்த்தார். அவள் உள்ளே வந்து, பெட்டியைக் கீழே வைத்து, நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு வாயெல்லாம் பல்.

"பத்து நாளுக்கு நஷ்டம் ஒதுக்கியிருந்தேன். நாலுதான் ஆச்சு. மீதி ஆறு நாளும் இப்ப லாபம்!"

அவள் சமையலறையை எட்டிப் பார்த்தாள். தொட்டி வழியக் கழுவாத பாத்திரம்.

"லாபம் வந்தா வரி கட்டணும்ல? போங்க, தேய்ங்க."