மேகலாவின் ஏழு கோப்பைகள்

கும்பகோணத்தில் ஒரு கலைக் கல்லூரி. அந்த வருடம் மண்பாண்டக் கலையில் சேர்ந்தவர்கள் இரண்டே பேர்: எழில்மொழி, மேகலா. மூன்றாம் வருடம் ஐப்பசியில் மேகலா கல்யாணமாகி, புருஷனோடு துபாய்க்குப் போய்விட்டாள். அதன் பிறகு அந்தப் பெரிய கூடத்தில் எழில்மொழியின் சக்கரம் மட்டும்தான் சுற்றியது. காலையில் களிமண் பிசைவாள், மத்தியானம் தனியாகச் சாப்பிடுவாள். யாரோடும் பேசாமலே சில நாட்கள் மாலை வந்துவிடும்.

தை பிறந்த பிறகு ஒருநாள் ஆசிரியர் பரணிதரன் அலமாரியைக் காட்டினார்.

"திங்கக்கிழமை சூளை போடுறோம். இந்தத் தட்டைக் காலி பண்ணிடும்மா."

"இதெல்லாம் மேகலாவோடது சார்."

"அந்தப் பொண்ணுதான் போயிடுச்சே. கிளேஸ் போட்டா சூளையில வை. இல்லேன்னா உடைச்சுப் போட்டுடலாம்."

ஏழு கோப்பைகள். ஒருமுறை சுட்டு, கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு ஏறாமல் வெறும் மண் நிறத்தில் இருந்தன. சக்கரத்திலிருந்து எடுக்கும்போது மேகலா கட்டைவிரலை அழுத்திவிடுவாள். ஏழிலும் அடிப்பக்கம் அந்தப் பள்ளம் இருந்தது.

'உன் கோப்பைக்கு என்ன கலர் போடட்டும்?' என்று எழில்மொழி மேகலாவுக்குச் செய்தி அனுப்பினாள். நீல டிக் விழுந்தது. இரண்டு நாள் ஆகியும் பதில் இல்லை.

அவளே முடிவு செய்தாள். வலங்கைமான் ரைஸ் மில்லிலிருந்து கொண்டுவந்த உமிச் சாம்பலைச் சலித்து, மற்ற பொடிகளோடு சேர்த்துத் தண்ணீரில் கரைத்தாள். சுட்டால் பால் வெள்ளையாக வரும். கரைசலில் முக்குவதற்காக ஒவ்வொரு கோப்பையையும் பிடித்தபோது, அவளுடைய விரல் தானாகவே அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. பக்கத்தில் யாரோ இருப்பது போலிருந்தது. மூன்று எண்ணும்வரை முக்கி எடுக்க வேண்டியதை, இரண்டு கோப்பைகளை மட்டும் கூடுதல் நேரம் உள்ளேயே வைத்திருந்துவிட்டாள்.

புதன்கிழமை சூளையைத் திறந்தார்கள். அந்த இரண்டும் கிளேஸ் தடித்து வழிந்து, சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தன. உளியால் தட்டியபோது உடைந்துபோயின. மீதி ஐந்தும் வெள்ளை வெளேரென்று, விளிம்பில் மட்டும் லேசான பழுப்போடு வந்திருந்தன. போட்டோ எடுத்து மேகலாவுக்கு அனுப்பினாள்.

இந்தத் தடவை உடனே பதில் வந்தது.

'சூப்பரா இருக்குடி! யார் பண்ணது?'

எழில்மொழி அதை மூன்று முறை படித்தாள். 'நீதான்' என்று தட்டச்சு செய்து அழித்தாள். மறுபடி தட்டி அனுப்பினாள்.

'அய்யோ, சுத்தமா மறந்துட்டேன். நீயே வச்சுக்கடி' என்று வந்தது, கூடவே சிரிக்கும் பொம்மை.

சனிக்கிழமை கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினாள். களையெடுப்பு முடித்து வந்திருந்த அம்மா செந்தாமரை, ஒன்றைக் கழுவி அதில் டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"அழகா இருக்கே. அங்க இப்ப உன்கூட யாரு படிக்கிறா?"

"யாருமில்லம்மா. நான் மட்டும்தான்."

இத்தனை மாதத்தில் அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. அம்மா சேறு காயாத காலோடு வந்து அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.