கோண வீட்டின் பின்சுவர்

கடப்பாரை சுவரில் பட்டு எகிறியது. மேஸ்திரி விருத்தாசலம் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டு மறுபடியும் ஓங்கினார். கொட்டைப்பாக்கு அளவுக்கு மண் உதிர்ந்ததே தவிர, சுவர் அசைந்து கொடுக்கவில்லை.

உள்ளே பச்சைமுத்து நெற்றியில் காசோடு கிடந்தார். விடியற்காலையில் போன உயிர் அவிட்ட நட்சத்திரத்தில் போய்விட்டது. அடைப்பு நட்சத்திரத்தில் செத்தவரை வாசல் வழியாக எடுத்தால் இன்னொரு உயிரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார், சுவரை உடைத்துத்தான் எடுக்கவேண்டும் என்று பஞ்சாங்கம் பார்த்தவர் சொல்லிவிட்டார். பின்சுவரைக் காட்டியது மேஸ்திரிதான்.

“அது எப்பிடியும் விழுற சுவருங்க. ரெண்டு இடி போதும்.”

பச்சைமுத்துவின் மகள் தையல்நாயகி தலைமாட்டில் உட்கார்ந்து, ரெண்டுக்கு மேல் விழுந்துகொண்டிருந்த இடிகளைக் கேட்டாள். புருஷன் செத்த பிறகு அப்பா வீடுதான் அவளுக்கு வீடு.

போன வாரம் இதே மேஸ்திரி வந்து வீட்டுக்கு மதிப்புப் போட்டுவிட்டுப் போயிருந்தார். தம்பி சின்னதுரைக்கு விழுப்புரம் லோகோ ஷெட்டில் வேலை. திண்டிவனத்து வீட்டை விற்றுவிட்டு அப்பாவையும் அக்காவையும் தன் குவார்ட்டர்ஸுக்கே கூட்டிப் போவதாக அவன் ஏற்பாடு. வாங்க வந்த மல்லாட்டை மண்டி வைத்துக் கடலை வியாபாரம் செய்யும் மாசிலாமணிதான் மேஸ்திரியைக் கையோடு அழைத்து வந்திருந்தார்.

வீட்டில் குறை இல்லாமல் இல்லை. மூட்டை தூக்கிய பச்சைமுத்து, கொத்தனார் வைக்க வக்கில்லாமல், வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போன வருஷம் தானே கட்டிய வீடு. தை மாசத்தில் சூரியன் எழுந்த இடம்தான் கிழக்கு என்று கயிறு பிடித்துவிட்டார். தையில் அது தெற்கே ஒதுங்கி எழும் என்பது மனுஷனுக்குத் தோன்றவில்லை. தெரு ஒரு பக்கம் பார்க்க, வீடு ஒரு பக்கம் பார்த்தது. ஊரே அதைக் கோண வீடு என்றது.

மேஸ்திரி சுற்றிச் சுற்றி வந்து அடுக்கினார். “வாசலுக்கு நேரா பின்வாசல் இல்ல. அடுப்பங்கரைக்குப் போவணும்னா பெரியவரு கட்டிலத் தாண்டிக்கினு போவணும். கெணறு அக்கினி மூலையில கெடக்குது. இந்தப் பின்சுவரு பாருங்க, வயிறு தள்ளிக்கினு நிக்குது, மேலருந்து கீழ வரைக்கும் வெடிப்பு. கைய வச்சுத் தள்ளுனா விழுந்துடும். இது வீடே இல்லீங்க. மனைக்கு மட்டும் வெல பேசுங்க.”

“ஆமாங்க” என்றான் சின்னதுரை.

இவ்வளவும் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான். அவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார். அப்புறம் இந்தப் பக்கம் திரும்பவேயில்லை, கஞ்சிக்குக்கூட. தையல்நாயகிக்கு அதுதான் ஆறவில்லை. வீடு போனால் போகட்டும். வீடே இல்லை என்ற பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டல்லவா போய்ச் சேர்ந்தார்.

இப்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மேளக்காரர்கள் கை ஓய்ந்து நிறுத்திவிட்டார்கள். மேஸ்திரி சட்டையைக் கழற்றி எறிந்தார். சின்னதுரை ஒரு கடப்பாரை வாங்கி அவனும் குத்தினான். பூச்சுதான் பாளமாகப் பெயர்ந்தது. உள்ளே செம்மண் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

மேஸ்திரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வெடிப்பு பூச்சுலதான் தம்பி. உள்ள ஓடல. வயிறு தள்ளுனதும் சரிவு இல்ல. பெரியவரு வருசா வருசம் மேல மண்ணு வச்சு அணைச்சிருக்காரு.”

தாழ்ந்த குரலானாலும் தையல்நாயகிக்குக் கேட்டது. அழுதுகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். செத்த வீட்டில் வரக்கூடாத பெருமை, அடக்க அடக்கப் பொங்கிக்கொண்டு வந்தது.

“இன்னாடி, அழுகைய நிறுத்திட்ட?” என்றாள் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள்.

“கொஞ்சம் சும்மா இரு அக்கா. மேஸ்திரிக்கு மூச்சு வாங்குது, கேளு.”

எழுந்து, ஒரு சொம்பு தண்ணீரோடு கொல்லைப் பக்கம் போனாள்.

“குடிச்சிட்டு இடிங்க மேஸ்திரி. ஜல்தி ஒண்ணும் இல்ல. எங்கப்பா இருப்பாரு.”

மேஸ்திரி அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக் குடித்தார்.

பொழுது சாயத் தொடங்கியபோதுதான் ஆள் போகும் அளவுக்கு வழி விட்டது. அதற்கு மேல் ஒரு விரற்கடைகூடச் சரியவில்லை. மேலே உத்திரம் அலுங்காமல் நின்றது. நாலு பேர் பச்சைமுத்துவைக் கால் முன்னால் போகச் சாய்க்காமல் வெளியே வாங்கினார்கள். சாவுக்கு வந்த மாசிலாமணி பாடையைப் பார்க்கவில்லை. உடைந்த இடத்தில் முழங்கை வரை கையை விட்டுச் சுவரின் கனம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுடுகாட்டிலிருந்து மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாகச் சின்னதுரை திரும்பியபோது மாசிலாமணி இன்னும் போகவில்லை.

“பதினாறு கழிச்சுப் பேசிக்கலாமா தம்பி? வெல கொஞ்சம் பாத்துச் செய்யலாம்.”

“பேசறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. வீட்டுல அக்கா இருக்குது.”

விளக்கு வைப்பதற்குள் அந்த வழியை அடைத்தாக வேண்டும். உதிர்ந்த செம்மண்ணையே தையல்நாயகி குவித்து, வைக்கோலைக் கிள்ளிப் போட்டு, தண்ணீர் ஊற்றினாள். மேஸ்திரி வேலையைத் தொடங்காமல் ஒதுங்கி நின்றார். சின்னதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினான்.

“எம்மா நேரம் மிதிக்கணும்க்கா?”

“அப்பா போதும்னு சொல்ற வரைக்கும் மிதிப்போம்.”

சின்னதுரை குனிந்த தலையோடு மிதிக்க ஆரம்பித்தான். அவள் தண்ணீர் ஊற்ற ஊற்ற, நிறுத்தாமல் மிதித்துக்கொண்டேயிருந்தான்.