ஒளி புகும் மகளுக்கு எத்தனை முட்டை

முட்டைக் கிடங்கில் வேலை பார்த்தவளின் மகள் இரண்டரை வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, ஒளி புகும் உடம்புக்காரி ஆனாள். சன்னல் ஓரம் உட்கார்ந்து ஐந்தாவது அவித்த முட்டையின் கடைசித் துண்டை அவள் விழுங்கியபோது, வெயில் அவள் முதுகு வழியாகப் புகுந்து மார்பு வழியாக வெளியே வந்து எதிர்ச் சுவரில் தேன் நிறத்தில் விழுந்தது. அம்மா முதலில் திரைச்சீலையை இழுத்துச் சரி செய்தாள். பிறகு ஈரத் துணியால் சுவரைத் துடைத்தாள். கடைசியாகத்தான் குழந்தையைப் பார்த்தாள். உள்ளே ஐந்து முட்டைகளும் ஐந்து நிழல்களாக, பேருந்தில் இடம் கிடைக்காத ஆட்களைப் போல ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. நேற்று ஊட்டிய இரண்டு கவளம் சோறு ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது.

அம்மாவின் வேலையே உள்ளே பார்ப்பதுதான். கிடங்கின் இருட்டறையில், துளை போட்ட விளக்குப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு முட்டையாக ஒளியில் காட்டி விரல்களால் ஒரு சுற்றுச் சுற்றுவாள். காற்றறை எவ்வளவு, மஞ்சள் கரு நடுவில் நிற்கிறதா, ரத்தப் புள்ளி உண்டா, ஓட்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்த்துத் தட்டு மாற்றி வைக்க அவளுக்கு மூன்று நொடி போதும். விரிசல் விட்டவை விற்பனைக்கு ஆகாது. அவற்றை மாலையில் வேலையாட்கள் பங்கு பிரித்து வீட்டுக்கு எடுத்துப்போவது அங்கே வழக்கம். அதனால் கிடங்குக்காரர்களின் வீடுகளில் ஒரு குழந்தைக்கு எத்தனை முட்டை என்பதைக் குழந்தையின் பசி முடிவு செய்யவில்லை. லாரி வந்த சாலை முடிவு செய்தது. சாலை வழுவழுவென்று இருந்த மாதங்களில் பிள்ளைகள் ஒரு முட்டைக்கு ஏங்கினார்கள். குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டிப் போட்ட அந்த வருடம் ஆளுக்கு எட்டு, ஒன்பது என்று வந்தது. விரிசல் முட்டையை வைத்திருக்கக் கூடாது என்று அன்றைக்கே கெட்டியாக அவித்தார்கள். அவித்ததை எறிய மனம் வராமல் பிள்ளைகளுக்கு ஊட்டினார்கள். ஒருவருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

மகள் ஒல்லியாக இருந்ததால் எல்லோரும் அவளைக் குண்டு என்று கூப்பிட்டார்கள். நான்கு மாதமாக அவள் எடை ஒன்பது கிலோ நூறு கிராமிலேயே நின்றது. கூடவே வயிறு இறுகி, காலைக்கடன் ஒரு போராட்டமாக இருந்தது. அம்மாவோ நாளுக்கு நாலு, அஞ்சு என்று முட்டை கொடுத்துக்கொண்டிருந்தாள். தன் கையால் பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது என்ற நினைப்பு அவளுக்கு மிகவும் தேவையாக இருந்தது. பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருந்த அவள் நாத்தனார், வாரம் ஒருமுறை வந்து அளவு நாடாவால் குழந்தையின் கையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நாடாவைச் சுருட்டுவாள். அந்தச் சுருட்டல் அம்மாவுக்குத் திட்டு வாங்கியதைவிட வலித்தது. போன எடை பார்த்த நாளில் நாத்தனார் வாய் திறந்தாள். அடுத்த மாதமும் முள் நகராவிட்டால் குழந்தையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் ஆறு மாதம் தானே வளர்த்துத் தருவதாகச் சொன்னாள். அப்பா தரையைப் பார்த்தபடி தலையாட்டினான்.

அவன் கண்ணாடி வெட்டுபவன். ஒளி புகும் பொருள் எதுவானாலும் அது தன் துறை என்று நினைப்பவன். செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட வந்தவன், குழந்தையைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாலு தலையணையை அவளைச் சுற்றி வைத்தான்.

"ஓரத்துல நிறுத்தாதே. ஓரம்தான் முதல்ல சில்லு விடும்."

"அவ ஒண்ணும் உங்க கடைச் சரக்கு இல்ல. கொஞ்சம் தள்ளுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க."

அதற்குள் செய்தி கேட்டு நாத்தனார் வாயில் குண்டூசியோடு ஓடி வந்தாள். "நான் சொன்னேன்ல, சொன்னேன்ல தம்பி? முட்டையா போட்டுப் போட்டு புள்ளைய பல்பாக்கிட்டா உன் பொண்டாட்டி!"

"அண்ணி, முதல்ல அந்த ஊசியத் துப்புங்க. முழுங்கினா உங்களுக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்க எனக்குத் தெரியாது."

குழந்தை தலையணைகளுக்கு நடுவில் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு கிளம்பும் இடத்தை அன்று மூன்று பேரும் பார்த்தார்கள். விலா எலும்புகளுக்குக் கீழே, கொஞ்சம் இடது பக்கமாக.

சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தவள், தேவையில்லை என்று திரும்ப மாட்டிவிட்டு, வெறும் கண்ணால் இதயத்தை ஒரு நிமிடம் எண்ணினாள். எடை அட்டையில், ஒளி புகும், மற்றபடி நலம் என்று எழுதினாள். பிறகு நிழல்களைக் காட்டிக் கேட்டாள். "எத்தனை?"

"அஞ்சு."

"அம்மாடி! நல்லா இருக்கற புள்ளைக்கு தினம் ஒண்ணு தாராளம். சில நாள் ரெண்டானா குத்தமில்ல. அஞ்சால வயித்த ரொப்பிட்டா பருப்பு, கீரை, பழமெல்லாம் எங்க போய் உட்காரும், உன் மடியிலயா?"

அம்மாவுக்கு அழுகை வரவில்லை. ஏழு வருடமாக ஆயிரக்கணக்கான முட்டைகளுக்குள் குறை தேடிய கண், தன் வீட்டுக்குள் எதையும் தேடாமல் இருந்ததைப் பற்றித்தான் திரும்பும் பேருந்தில் வழி முழுவதும் யோசித்துக்கொண்டு வந்தாள். ஓட்டில் விரிசல் விட்ட ஒவ்வொரு முட்டையும் தனக்குக் கிடைத்த வெற்றி என்று எண்ணியிருந்தாள். குழந்தை வாயைத் திறக்கும்போதெல்லாம் தன்னை யாரோ நல்ல தாய் என்று சொல்வதுபோல இருந்தது. அந்தச் சொல்லைக் கேட்கும் பசி தன்னுடையது, குழந்தையுடையது அல்ல என்பது புரிந்தபோது இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது. இருவரும் ஒரு நிறுத்தம் திரும்பி நடந்தார்கள். குழந்தையின் வழியாக விழுந்த வெளிச்சம் நடைபாதையில் முன்னால் தத்தித் தத்திப் போனது.

மேற்பார்வையாளரிடம் கேட்டுப் பழைய விளக்குப் பெட்டி ஒன்றை வீட்டுக்கு வாங்கி வந்தாள். தினமும் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, குழந்தையை அதன் முன் நிறுத்தி ஒரு சுற்றுச் சுற்றுவாள். குழந்தைக்கு அது விளையாட்டு. கண்ணாடியில் பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும், முட்டையில் பார்த்தால் உள்பக்கம் தெரியும். இந்த வித்தியாசத்தைக் கணவனுக்கு விளங்கவைக்க அவளுக்கு நாலு நாள் ஆனது. குழந்தைக்குள் முதல் முட்டை மெல்லக் கரைந்து தோள்வரை, முழங்கால்வரை பொன்னாகப் பரவியது. இரண்டாவது, நிறைய ஓடியாடிய நாட்களில் மட்டும் கரைந்தது. மற்ற நாட்களில் கல் மாதிரி அப்படியே நின்று, பின்னால் வந்த கீரையைத் திருப்பி அனுப்பியது. மூன்றாவதற்கு எந்த நாளும் இடம் இருக்கவில்லை. ஆக ஒரு முட்டை. அதற்குப் பக்கத்தில் பருப்பு, சோறு, கீரை, ஒரு துண்டுப் பழம். குழந்தை மூன்று நாள் முட்டை கேட்டுத் தட்டைத் தட்டி அழுதது. அம்மா காதைப் பொத்தாமல் முழுவதையும் கேட்டாள். நாலாம் நாள் குழந்தை பருப்பைத் தொட்டு நக்கியது. மிச்ச முட்டைகளை அம்மா கிடங்கிலேயே, அதிகம் பேர் உள்ள வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாத்தனார் வீட்டில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வந்த குழந்தையை விளக்கில் காட்டியபோது உள்ளே மூன்று நிழல்கள் நின்றன. காலையில் அம்மா கொடுத்தது ஒன்று, அது எப்போதோ பரவி முடிந்திருந்தது. கொண்டுவந்து விட்ட நாத்தனார் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, மூணு முட்டை குடுத்தீங்களா?"

"நானா? நான் எதுக்குடி குடுக்கறேன்? நாலு ஊருக்கு முட்டையே ஆகாதுன்னு சொல்றவ நான்!"

"உள்ள வந்து பாருங்க. மூணாவதுல உங்க கடை நூல் ஒண்ணு ஒட்டியிருக்கு. பச்சை."

நாத்தனார் வந்து குனிந்து பார்த்தாள். நிமிரவில்லை. குனிந்தபடியே, "அத்தே இன்னொண்ணு, அத்தே இன்னொண்ணுன்னு கையப் புடிச்சுது. எப்படிம்மா இல்லன்னு சொல்றது?" என்றாள். அம்மா சொல்லியிருக்கக்கூடிய சொற்கள் ஏராளம். எல்லாவற்றையும் அவள் இரண்டரை வருடமாகச் சேர்த்து வைத்திருந்தாள். ஆனால் குனிந்திருந்த அந்த முகத்தில் தன்னுடைய பசியையே பார்த்தாள். "எனக்கு மூணு நாள் ஆச்சு அண்ணி. அழட்டும். பக்கத்துல உட்கார்ந்துக்கங்க, அது போதும்" என்றாள். நாத்தனார் உட்கார்ந்தாள். அன்று மாலைவரை வீட்டுக்குப் போகவில்லை.

எடை பார்க்கும் நாளில் நான்கு பேரும் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். அப்பா ஒரு தலையணையை மட்டும் எடுத்து வந்தான், பழக்கதோஷம். முள் ஒன்பது நூறைத் தாண்டியது. ஒன்பது நானூறில் யோசித்தது. ஒன்பது அறுநூற்று ஐம்பதில் நின்று அசைய மறுத்தது. எடை பார்ப்பவர் எந்திரத்தைத் தட்டினார், மறுபடியும் அதே. அம்மா குழந்தையைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்தாள். சன்னல் வெயில் குழந்தை வழியாக இறங்கி அங்கே வரிசையில் இருந்த முப்பது தாய்மார்களின் முகத்திலும் பொன்னாக விழுந்தது. நாத்தனார் அளவு நாடாவை உருவிக் கொடியைப் போலச் சுழற்றி, "எங்க வீட்டுப் புள்ள! பார்த்துக்கங்க, எங்க வீட்டுப் புள்ள!" என்று கத்தினாள். யாரையும் யாரும் எங்கும் கூட்டிப்போகும் பேச்சு அதோடு ஓய்ந்தது.

அதன் பிறகு அந்தத் தெருவில் பல் முளைத்து முடிந்த குழந்தைகள் ஒவ்வொன்றாக ஒளி புகத் தொடங்கின. தாய்மார்கள் மாலையில் அம்மாவின் விளக்குப் பெட்டியைத் தேடி வரிசையாக வந்தார்கள். பந்து மாதிரி ஓயாமல் குதித்த ஒருத்திக்கு இரண்டு முட்டை சரியாகக் கரைந்தது. பெரும்பாலோருக்கு ஒன்று. இஸ்திரிக்காரரின் பையனுக்கு முட்டை இறங்கிய வழியெல்லாம் சிவப்புப் புள்ளிகள் எழுந்ததால் அம்மா அவனை அன்றே டாக்டரம்மாவிடம் அனுப்பினாள். அவனுக்கு முட்டையே வேண்டாம் என்று ஆனது. எடை பார்க்கும் அட்டையில் புகும், புகாது என்று ஒரு கட்டம் அச்சடித்தார்கள். சாலை சரியாகி, மறுபடி தோண்டப்பட்டு, மறுபடி சரியானது. பிள்ளைகளின் தட்டில் முட்டைகளின் எண்ணிக்கை மாறவில்லை.

ஆறாவது வயதில், பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில், குண்டுவின் உடம்பில் ஒளி புகுவது நின்றுபோனது. சுவரில் சாதாரண நிழல் ஒன்று, இரட்டைப் பின்னலோடு விழுந்தது. அம்மா அதைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, உள்ளே இடம் இருக்கிறதா என்று தெரியாமல் கேட்டாள்.

"இன்னொண்ணு வேணுமா?"

மகள் கொஞ்சம் யோசித்து, தன்னைத் தானே உள்ளே பார்த்துக்கொண்டு, "போதும்மா" என்றாள்.