முதல் பந்து

சென்னைக்கு வந்து மூன்று மாதமாகியும் தேவானைக்கு அடிக்க ஒரு பந்துகூடக் கிடைக்கவில்லை. விளாத்திகுளத்திலிருந்து வாலிபாலுக்காகவே கல்லூரியில் இடம் கொடுத்துக் கூட்டி வந்திருந்தார்கள். ஹாஸ்டல் அறையும் அந்தக் கணக்கில்தான். வலையோரம் எகிறுவாள், கையை ஓங்குவாள், வெறுங்கையோடு இறங்குவாள். பந்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டிய லிஃப்டர், சாந்தோம்காரி ஜொவிட்டா, எல்லாவற்றையும் தன் தோழி டீனாவுக்கே தூக்கினாள். மகாராணி இந்தப் பக்கம் கண்ணைக்கூடத் திருப்ப மாட்டாள்.

இப்போது கோச் ஆண்ட்ரூ சார் சொல்லிவிட்டார்: நந்தனம் மைதானத்தில் நடக்கும் இந்தப் போட்டியில் புள்ளி எடுக்காதவளுக்கு டீமும் இல்லை, ஹாஸ்டலும் இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரில் போய் இறங்க அவள் தயாராக இல்லை.

ஆட்டத்துக்கு முன் குழாயடியில் ஜொவிட்டாவை மறித்தாள்.

“எனக்கு ஏன்க்கா தூக்க மாட்டேங்கிறீங்க?”

“அது புஷ்பத்தோட எடம். ஸ்கூல்லேர்ந்து எங்கூட ஆடுன பொண்ணு. நீ வந்தே, அவள வெளிய அனுப்பிட்டாங்க. உனக்கு இன்னா, மாலை போடணுமா?”

தேவானைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புஷ்பத்தை அவள் பார்த்ததுகூட இல்லை.

“சரிக்கா. இன்னிக்கு முதல் பந்து உங்க கைக்கு வராது. பாத்துக்கிடுங்க.”

ஜொவிட்டா சிரித்தாள். சிரிக்கக் கூடாத இடம் அது. எதிரணி போடும் சர்வீஸை, அதாவது முதல் பந்தை, எடுத்து லிஃப்டர் கையில் பூப்போல வைக்கிறவள் அந்த டீமில் தேவானை ஒருத்திதான். அது ஒழுங்காக வந்தால்தானே மகாராணி யாருக்கும் தூக்க முடியும்?

புதுப் பெண் என்று பார்த்து எதிரணி அவளுக்கே சர்வீஸ் போட்டது. அவள் எடுத்த பந்து நேராக அம்பயர் நாற்காலிக்குப் போனது. அடுத்தது மரத்தடிக்கு. “கண்ணு தெரியலையா?” என்று டீனா கத்தினாள். இது பிசகல்ல, பிடிவாதம் என்பது ஜொவிட்டாவுக்கு மட்டும் புரிந்தது. மூன்றாவதும் போனது. சொந்த டீமையே கவிழ்ப்பது பாவம்தான். ஆனாலும் தேவானை விடவில்லை.

ஜொவிட்டா பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தாள். “ஒழுங்கா குடு. தூக்கித் தொலைக்கிறேன்.”

கொடுத்தாள். ஜொவிட்டாவும் தூக்கினாள், வேண்டுமென்றே தாழ்வாக, அடிக்கச் சிரமமாக வலையை ஒட்டி. தேவானை மணிக்கட்டைத் திருப்பி ஓங்கி அறைந்தாள். புள்ளி. அடுத்ததும் தாழ்வுதான். அதுவும் புள்ளி.

ஜெயித்தார்கள். ஆண்ட்ரூ சார் மட்டும் விடவில்லை. “ஆரம்பத்துல மூணு பந்து வீணாச்சே, வேணும்னே பண்ணியா?” என்று தேவானையை முகத்துக்கு நேரே கேட்டார்.

“நான்தான் சார் தள்ளி நின்னுட்டேன்,” என்றாள் ஜொவிட்டா.

பஸ் நிறுத்தத்துக்கு இருவரும் சேர்ந்தே நடந்தார்கள்.

“உனக்காக சொன்னேன்னு நெனைக்காத,” என்றாள் ஜொவிட்டா. “நீ போய்ட்டா முதல் பந்த எவ எடுப்பா? உன்ன அந்த எடத்துல பாத்தா எனக்கு இன்னும் பத்திக்கினுதான் வருது.”

“வரட்டும்க்கா. நாளைக்குக் கொஞ்சம் ஒசரமாத் தூக்குங்க.”