காலண்டரில் ஏழு தட்டல்

பதிவு ஓடும் திரையில், விரல் பட்ட இடத்தில் ஒரு சாம்பல் நிற வட்டம் தோன்றி மறையும். ஆள் தெரியாது, முகம் தெரியாது. அந்த வட்டம் முதலில் 'வேண்டுதல்' என்ற வரியில் பட்டது. கொஞ்சம் பொறுத்து, அதற்குக் கீழே இருந்த 'இறந்தோர் நினைவு' என்ற வரிக்கு இறங்கியது. இறந்த தேதி கேட்டு காலண்டர் திறந்தது. பின்னால் போகும் அம்புக்குறியை வட்டம் ஏழு முறை தட்டியது. அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குப் போய் பதினான்காம் தேதியில் நின்றது. பிறகு கருத்துப் பெட்டியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. 'ஜெபஸ்டின், வயது 26, தகப்பனார் ஞானதாஸ், அந்தோணியார் அன்பியம்.' நாற்பது விநாடி எதுவும் அசையவில்லை. அப்புறம் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழிந்து பெட்டி வெறுமையானது. பக்கம் மூடிக்கொண்டது.

பதிவின் நேரத்தைப் பார்த்தேன். நேற்று மதியம் ஒன்று பத்து. முந்தாநாளும் ஒன்று பத்துதான். இதோடு ஆறு பதிவு.

சேலம் சூரமங்கலத்தில் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது எங்கள் ஆபீஸ். வெப்சைட் செய்து கொடுக்கும் இடம். மோகன்குமார் அண்ணன்தான் முதலாளி, திருச்செங்கோட்டுக்காரர். வெண்ணந்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் சண்முகப்பிரியா அக்கா புரோகிராம் எழுதுவாள். நான் பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். எழுந்து நின்று படி என்று சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும், அதனாலேயே படிப்பை நிறுத்தினேன். எனக்குக் கொடுத்திருக்கும் வேலைக்குப் பேச்சு வேண்டாம். வெப்சைட்டுக்கு வருகிறவர்கள் எங்கே தட்டினார்கள், எங்கே தயங்கினார்கள், எங்கே விட்டுவிட்டுப் போனார்கள் என்று ஒரு கருவி வீடியோ மாதிரி பதிந்து வைக்கும். ஒரு நாளைக்கு நாற்பது பதிவு பார்த்து, மாட்டிக்கொள்கிற இடத்தை நான் எழுதிக் கொடுக்க வேண்டும். "வாயத் தொறக்காத புள்ளதானுங்க இந்த வேலைக்கு ஆகும்" என்று என்னைச் சேர்த்த அன்றே மோகன் அண்ணன் அம்மாவிடம் சொன்னார்.

எங்கள் பங்குக் கோயிலின் வெப்சைட்டும் இங்கே செய்ததுதான். இன்னாருக்காக வேண்டுகிறோம் என்று பூசையில் வாசிக்கும் கருத்தை வீட்டிலிருந்தே பதிந்துகொள்ளலாம். பெயரும் போன் நம்பரும் எங்களுக்கு நட்சத்திரக் குறிகளாகத்தான் தெரியும். கருத்துப் பெட்டியை மட்டும் மறைக்காமல் விட்டார்கள். தமிழில் அடிக்கும்போது எழுத்து உடைகிறதா என்று பார்ப்பதற்காக விட்டது, அப்படியே கிடந்துவிட்டது. யாருக்கும் உறுத்தவில்லை. முதல் மாதம் எனக்கும் உறுத்தவில்லை.

ஞானதாஸ் மாமா எங்கள் தெருதான். லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர்; மதியம் ஒரு மணிக்குத்தான் அங்கே சாப்பாட்டு நேரம். அவர் மகன் ஜெபஸ்டின் ரிக் வண்டியில் சத்தீஸ்கர் பக்கம் போர்வெல் போடப் போனவன். மார்ச் தொடக்கத்தில், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று போனில் பேசினான், அதுதான் கடைசி. அவன் அம்மா ரோசி ஆண்ட்டி ஒவ்வொரு மாத முதல் வெள்ளிக்கும் கருத்துப் பதிகிறார். 'மகன் சுகமாகத் திரும்பி வர, ரோசி ஞானதாஸ் குடும்பத்தார்' என்று சாமியார் வாசிக்கும்போது ஆண்ட்டி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருவார். ஆண்கள் பக்கத்தில் மாமா பெஞ்சின் முதுகைப் பிடித்தபடி குனிந்திருப்பார். போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது ஆண்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்சிலியா, கோயில் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் உங்க ஆபீஸ்லதானே? நான் போடுற கருத்து ஒழுங்காப் போய்ச் சேருதாம்மா?"

"சேருது ஆண்ட்டி."

"இவரு நம்ப மாட்டேங்கிறாரு. எதுக்கு மாசாமாசம் போடுறன்னு கேக்குறாரு. கிறிஸ்மஸுக்கு அவன் வந்து நிக்கட்டும், அப்புறம் பேசிக்கிறேன் இவர."

நம்பிக்கை போய்த்தான் மாமா இப்படித் தட்டிப் பார்க்கிறார் என்று முதலில் நினைத்தேன். ஆனால் நம்பிக்கை போனவருக்குத் தேதி எங்கிருந்து கிடைக்கும்? ஆறு நாளும் அதே ஏழு தட்டல், அதே பதினான்கு. யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் வீட்டில் சொல்லவில்லை. மார்ச்சிலிருந்து சொல்லவில்லை. அது தெரிந்த இன்னொரு ஆள், கேட்காமலே, நானாகிவிட்டேன்.

ஆறாவது பதிவைப் பார்த்த அதே வியாழக்கிழமை காலை மோகன் அண்ணன் உற்சாகமாக வந்தார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தட்டினால், ஆள் எரிச்சலாகிவிட்டார் என்று கருவி சிவப்புக் கொடி போடும். காலண்டரில் ஆறு கொடி நின்றன.

"பாத்தீங்களா, சனங்க காலண்டர்லதான் மாட்டிக்கறாங்க. கடசி வரைக்கும் வந்துட்டு உட்டுட்டுப் போயர்றாங்க. பிரியா, பாதில உட்டுட்டுப் போனா பத்து நிமிசத்துல போனுக்கு மெசேஜ் போவோணும். 'இன்னார் ஆன்மாவுக்கான கருத்து பாதியில் நிற்கிறது, முடிக்க இங்கே தட்டவும்'னு பேரோட போவட்டும். கடைக்காரனெல்லாம் அப்படித்தான பண்றான்?"

"நம்பருக்கு எங்கீங்கண்ணா போறது?"

"குடும்ப அட்டை எண் போட்டாத்தான ஃபாரமே தொறக்குது? அதுல இருக்கற நம்பருக்கு உடு. பன்னெண்டு மணிக்குப் போட்டு உட்டுருங்க. இன்னிக்கே பாத்துரலாம்."

எங்கள் பங்கில் குடும்ப அட்டைக்கு ஒரு நம்பர்தான். அன்பியம் என்கிற தெருக்குழு ஜெபக் கூட்டத்துக்குப் போவது அம்மாக்கள் என்பதால் எல்லா அட்டையிலும் அம்மாக்களின் நம்பர்தான் இருக்கும். எங்கள் அட்டையிலும் அப்படித்தான், ரோசி ஆண்ட்டியின் அட்டையிலும் அப்படித்தான். இது இந்த அறையில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

"அண்ணா... வேண்டாங்க" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலி பேசியிருந்தால் இப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

"அட, அம்மணி பேசுது! ஏனுங்கம்மணி வேண்டாம்?"

"அவங்க மாட்டிக்கலைங்க. அவங்களாத்தான் நிக்கிறாங்க."

"அது உனக்கு எப்படித் தெரியும் சாமி?"

சொல்ல வேண்டுமென்றால் பெயரைச் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்னால், பெற்றவளுக்குத் தெரியாத சாவு ஒரு டயர் கடை மாடியில் தெரிந்துவிடும். "சும்மா... தோணுச்சுங்க" என்றேன்.

"தோணறத வெச்சு தொழில் பண்ண முடியுமா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளறைக்குப் போய்விட்டார். பன்னிரண்டு மணிக்கு அக்கா அதைப் போட்டு முடித்தாள்.

"என்ன புள்ள, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது? சாப்புடு வா" என்று தூக்குப் போசியைத் திறந்தாள். எனக்கு இறங்கவில்லை. மாமாவின் நம்பர் என்னிடம் இல்லை. பட்டறை இரும்பாலை ரோட்டில், இரண்டு பஸ் மாற வேண்டும். மணி ஒன்று.

இந்த வேலையில் நான் பாராட்டு வாங்கியது ஒரே ஒரு முறை. கோயில் பக்கத்தின் மேலே திருவிழாவில் எடுத்த பெரிய போட்டோ ஒன்று இருந்தது. அது முழுதாக இறங்கிய பிறகுதான் படிவம் திறக்கும். பக்கம் திறக்க எத்தனை விநாடி ஆகிறது என்று காட்டும் பலகையைப் பார்த்துவிட்டு, எட்டு விநாடிக்கு மேல் போனால் பாதிப் பேர் போய்விடுகிறார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். படத்தைச் சுருக்கி மாற்றினோம். அன்றிலிருந்து இரண்டு விநாடிதான், எண் பச்சையாகவே இருக்கிறது. படங்களை ஏற்றுவதும் இறக்குவதும் என் பொறுப்பு. பழைய பெரிய படம் இன்னும் என் கம்ப்யூட்டரில்தான் கிடந்தது.

அக்கா கை கழுவப் போனபோது அதை ஏற்றினேன். படிவம் திறக்காவிட்டால் மெசேஜும் போகாது.

ஒன்று பத்து ஆனது. பலகையில், இப்போது பக்கத்தில் இருப்பவர்கள் என்ற இடத்தில் பூஜ்யம் போய் ஒன்று வந்தது. சேலம், கைபேசி. யாராகவும் இருக்கலாம். மூன்று, நான்கு என்று விநாடி ஓடியது. போய்விடுங்கள் மாமா என்று வாய்க்குள் சொன்னேன். எட்டில் எண் சிவந்தது. ஒன்பது. பத்து.

உள்ளறையிலிருந்து சத்தம் வந்தது. "யாருங்க அந்தப் பழைய போட்டோவத் திருப்பி ஏத்துனது? பக்கமே செவந்து கெடக்குது!"

கைக்குட்டையில் கை துடைத்தபடி வந்த அக்கா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன். வகுப்பில் படிக்கச் சொன்ன மாதிரிதான்.

"நான்தாங்க."

"ஏன்?" மோகன் அண்ணன் கதவருகே வந்து நின்றார். அவர் முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் இருந்தது. "ஏனம்மணி, சொல்லு."

பதினாறு. பதினேழு. அந்த ஒன்று அங்கேயே நின்றது. பட்டறையில் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மாமா போனைப் பிடித்திருப்பார். படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கிக்கொண்டிருக்கும். முதலில் வெறும் வானம், அப்புறம் சிலுவையின் நுனி, அப்புறம் மணிக்கூண்டு.