பத்து மணி ஏரி

பாட்டிலுக்குள் பழுப்பு நிறம் இறங்கிக்கொண்டிருந்தது. மங்கையர்க்கரசி அதை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். இது முப்பத்தோராவது பாட்டில். ஏரித் தண்ணீரை ஒரு குமிழிகூடச் சேராமல் முங்கப் பிடித்து, இரண்டு மருந்துகளைச் சொட்டுக் கணக்கில் விட்டு, கண்ணாடி மூடியை அழுத்திக் குலுக்கினால் உள்ளே துகள் துகளாகத் திரளும். தண்ணீரில் பிராணவாயு கரைந்திருந்தால் அந்தத் துகள் பழுப்பாகும். எவ்வளவு அதிகமோ அவ்வளவு அடர்த்தி. துளியும் இல்லையென்றால் வெள்ளையாகவே அடியில் படியும். இந்தப் பாட்டில் வெல்லப்பாகு மாதிரி இருந்தது. இப்படிப்பட்ட தண்ணீரில் மீனுக்கு மூச்சு முட்ட வழியே இல்லை. ஆனால் படகுக்கு இரண்டு முழம் தள்ளி, வயிற்றைக் காட்டிக்கொண்டு கெண்டைகள் செத்து மிதந்தன.

"இன்னாமா, தண்ணிக்கு ஜுரம் எறங்கிச்சா?" என்றார் அப்துல் ரஹீம், துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு. ஒவ்வொரு நாளும் இதே கேள்விதான். முதல் வாரம் அவள் சிரித்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை. ஏரிக்கரைக் குடிசையில் பன்னிரண்டு வருஷமாகக் காவல் இருக்கிறவர் அவர். ஆம்பூர்க்காரர். அப்பா காலத்திலேயே சிக்கந்தராபாத் பட்டாளத்தோடு வந்த குடும்பம். ஆடி பிறந்ததிலிருந்து மூன்று முறை விடியற்காலையில் மீன் கூட்டமாகச் செத்துக் கரை ஒதுங்கியது. மீன் குத்தகைக்காரர், காவல்காரன்தான் யாரிடமோ காசு வாங்கிக்கொண்டு விஷம் கலக்க விட்டுவிட்டான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஏரி அலுவலகம் பல்கலைக்கழகத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தது. தண்ணீரில் மூச்சு விடக் காற்று இருக்கிறதா, இல்லையா? இல்லையென்றால் ஏரியின் குற்றம். இருக்கிறதென்றால் விஷம்தான், ரஹீம் குடிசையைக் காலி செய்ய வேண்டியதுதான். திங்கட்கிழமை பதில் போக வேண்டும். கீழே கையெழுத்து மங்கையர்க்கரசியுடையது.

உப்பலுக்கு அப்பால் இருந்த அந்த ஏரிக்கு அவள் சிக்கந்தராபாத் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வருவாள். காலை ரயில், அப்புறம் ஒற்றை மாட்டு வண்டி, அப்புறம் வரப்பு. படகில் ஏறும்போது மணி பத்து அடிக்கும். மழையோ வெயிலோ, பத்து என்றால் பத்து. பல்கலைக்கழகம் அமைத்த ஆய்வுக் குழுவின் தலைவர் டாக்டர் புருஷோத்தமன் முதல் நாளே சொல்லியிருந்தார். ஒரே இடம், ஒரே ஆழம், ஒரே நேரம். ஒருநாள் எட்டுக்கும் ஒருநாள் பன்னிரண்டுக்கும் எடுத்தால் எதை எதோடு ஒப்பிடுவது? அவர் அதைச் சொன்னபோது அவளுக்கு மனசுக்குள் ஒரு நிம்மதி பரவியது. ஒழுங்கு என்பது இவ்வளவு எளிதா என்று. முப்பத்தொரு நாளும் அவள் ஒரு நிமிஷம் பிசகவில்லை.

அன்று வண்டியில் திரும்பும்போது மருந்துப் பெட்டியில் மருந்து விடாத இரண்டு பாட்டில்கள் மிச்சம் இருந்தன. ஒரே முங்கில் பிடித்த ஒரே தண்ணீர், மெல்லிய பச்சை. வீட்டில் அவற்றை ஜன்னலில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். வெளியே ஷண்டிங் இன்ஜின் ஒன்று முன்னே போவதும் பின்னே வருவதுமாக நீராவியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. அரைத் தூக்கத்தில் அது இன்ஜினாக இல்லை. பெரிய ஏரி ஒன்று பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு மூச்சு விடுவது போலிருந்தது. உள்ளே இழுக்கும்போது அலமாரி, கட்டில், அப்பாவின் பழைய ரயில்வே விளக்கு எல்லாம் லேசாக அதன் பக்கம் நகர்ந்தன. வெளியே விடும்போது இடத்துக்குத் திரும்பின. எப்போது இழுக்கிறது, எப்போது விடுகிறது என்று எண்ணப் பார்த்தாள். எண்ணிக்கை நழுவிக்கொண்டே போயிற்று.

மறுநாள் சனிக்கிழமை, ஏரிக்குப் போகாமல் பல்கலைக்கழகத்தில் கணக்குகளைத் தொகுத்துவிட்டுச் சாயங்காலம் வந்து பார்த்தபோது ஜன்னலில் ஒரு பாட்டில்தான் இருந்தது. அம்மா தாயம்மாள் முறத்தில் புடைத்துக்கொண்டே, ஒன்றை நேற்றே எடுத்து அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டதாகச் சொன்னாள்.

"இன்னாத்துக்கும்மா?"

"பூனை தட்டி உட்டா ரெண்டும் போயிடாதா? ஒண்ணாவது மிச்சம் இருக்கட்டும்னு. உன் பட்டணத்துப் படிப்புக்கு ஒரு அரிசி டின்னு எடம் குடுக்கக் கூடாதா?"

ஜன்னல் பாட்டிலின் மூடிக்கு அடியில் கடுகளவு குமிழிகள் முத்து முத்தாக ஒட்டியிருந்தன. மூடும்போது அங்கே ஒரு குமிழியும் இல்லை. மங்கையர்க்கரசி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அரிசியைத் துழாவி மற்றதை எடுத்து, பெட்டியைத் திறந்து, இரண்டிலும் மருந்து விட்டுக் குலுக்கினாள். ஜன்னலில் இருந்தது பழுப்பேறிக் கறுத்தது. அரிசிக்குள் இருந்தது வடித்த கஞ்சி மாதிரி வெளுத்துக் கிடந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. தண்ணீரின் அந்தப் பச்சை வேறொன்றும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான செடிகள். வெளிச்சம் இருந்தால் அவை மீனுக்கு வேண்டிய காற்றைத் தயாரித்துத் தள்ளும். இருட்டினால் தயாரிப்பு நின்றுவிடும், ஆனால் மூச்சு நிற்காது. இருக்கிற காற்றை மீனோடு சேர்ந்து அவையும் இழுத்துக்கொண்டிருக்கும், விடியும்வரை. பச்சை ஏற ஏறப் பகலில் காற்று ததும்பும், இரவில் பஞ்சம். ஆவணி மாதத்து மூட்டமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அவள் போய்ச் சேரும் பத்து மணிக்குள் சூரியன் நான்கு மணி நேரம் வேலை பார்த்து எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிடுகிறது. செத்த மீனும் நிறைந்த பாட்டிலும் ஒரே ஏரியுடையவைதான். நேரம்தான் வேறு.

அன்று இரவே டாக்டர் புருஷோத்தமன் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ சொல்றது நடக்கக்கூடியதுதாம்மா. ஆனா முப்பத்தொரு ரீடிங்குக்கு எதிரா அரிசி டின்னை ரிப்போர்ட்ல எழுத முடியுமா? ஏரில எடுத்ததைக் கொண்டா, எழுதலாம்."

விடியலுக்கு முன் ரயில் கிடையாது. தாயம்மாளே தெருமுனை ஜட்காக்காரனை எழுப்பி, வயசுப்பெண்ணைத் தனியாக அனுப்பமாட்டேன் என்று தானும் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் அம்மா தூங்கினாள். குதிரையின் குளம்படி மட்டும் இருட்டில் முன்னால் போயிற்று. கரையில் ரஹீம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் படகைத் தள்ளினார்.

ஏரியின் மேல் மூட்டம் படிந்திருந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் மழை பெய்கிற சத்தம் கேட்டது. கையை நீட்டினாள், ஒரு துளியும் விழவில்லை. குனிந்து பார்த்தாள். தண்ணீரின் தோலில் ஆயிரக்கணக்கான சின்ன வாய்கள், திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மீன்கள் மேலே இருக்கிற காற்றைக் குடிக்க முயன்றுகொண்டிருந்தன. மழை கீழேயிருந்து பெய்துகொண்டிருந்தது.

"தெனம் இந்த நேரத்துல இப்படித்தாம்மா," என்றார் ரஹீம் மெதுவாக. "வெயில் வந்தா எறங்கிடும். நீங்க வர்றதுக்குள்ள ஒண்ணும் இருக்காது."

"ஏன் சொல்லலை?"

"பத்து மணிக்குத் தண்ணி எப்படி இருக்குன்னுதான கேட்டீங்க."

அவள் மருந்துப் பெட்டியைத் திறந்தாள். தினமும் எடுக்கும் இடத்தில் நட்டிருந்த கம்பத்தருகில், அதே ஆழத்தில் பாட்டிலை முக்கினாள். மருந்தை விட்டாள், மூடினாள், குலுக்கினாள். கிழக்கே ஒரு கீற்று வெளுப்பு. அதற்கு நேராகப் பாட்டிலைப் பிடித்தாள். துகள்கள் திரண்டு, சுழன்று, மெல்ல இறங்கின. ரஹீமும் குனிந்து பார்த்தார். கரையில் உட்கார்ந்திருந்த தாயம்மாள்கூட எழுந்து நின்றது மங்கலாகத் தெரிந்தது.

வெள்ளை. பனி மாதிரி, அப்படியே அடியில் படிந்தது.

"ஜுரமா?" என்றார் ரஹீம்.

"மூச்சு முட்டல்," என்றாள்.

நோட்டை முழங்காலில் விரித்து, பென்சிலை நாக்கில் நனைத்து, முப்பத்தொரு வரிகளுக்குக் கீழே எழுதினாள்: காலை 5.20. வெள்ளை. இனி ஒவ்வொரு நாளும் இரண்டு முறை எடுக்க வேண்டும், விடியுமுன் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று.