பத்து லட்சத்து ஒன்பது

1968 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, தாம்பரத்துப் பள்ளியொன்றின் ஆசிரியர் அறைப் பலகையில் கணக்கு வாத்தியார் அசரியா 1000009 என்று எழுதி, அடியில் கோடும் இழுத்தார்.

"இது பகா எண். ஒன்னாலயும் தன்னாலயும் தவிர எதாலயும் மீதியில்லாம வகுபடாது."

அந்தக் கோட்டைப் பார்த்ததுமே சாம்பசிவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரும் கணக்குப் பட்டதாரிதான்; ஆறு வருஷம் மூத்தவரும்கூட. ஆனால் பதினொன்றாம் வகுப்புக் கணக்கு இந்த வருஷமும் அசரியாவுக்கே போயிற்று.

"யார் வகுத்துப் பாத்தா?"

"ஆயிரத்துக்குள்ள நூத்தி அறுபத்தெட்டு பகா எண் இருக்கு சார். அத்தனையாலயும் வகுத்தாச்சு. இதோட வர்க்கமூலம் ஆயிரம் சொச்சம், அதுக்கு மேல பாக்க வேண்டியதில்ல."

"வகுபட்டா?"

"லெவன்த் உங்களுது. வகுபடலேன்னா, ஹெட்மாஸ்டருக்கு என்னைப் பத்தி மொட்டை பெட்டிஷன் போறது நிக்கணும்."

ஹில்டா டீச்சர் டிபன் பாக்ஸுக்குள் பார்த்துச் சிரித்தார். மூன்று பெட்டிஷனும் யார் எழுதியவை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அசரியா வகுத்த விதம் சாம்பசிவனுக்குத் தெரிந்ததுதான். ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் பதிவேட்டு எண் நாற்பத்திரண்டு வரை உண்டு. ஆளுக்கு நான்கு எண்ணாக, வரிசைப்படி வீட்டுக்கணக்குக் கொடுத்தார். மறுநாள், "யாருக்காவது மீதி இல்லாம வந்துதா?" என்று கேட்டார். ஒரு கையும் எழவில்லை. முடிந்தது ஆராய்ச்சி.

அந்த வகுப்புக்கு வகுப்பாசிரியர் சாம்பசிவன். சாயங்காலமே பதிவேட்டைப் பிரித்தார். பதினாறாம் எண்ணின்மேல் சிவப்புக் கோடு: தயாளன், ஜூலையிலேயே டி.சி. வாங்கிக் கீழ்க்கட்டளைப் பக்கம் போய்விட்டவன். அவன் பங்குக்கு விழுந்தவை 283, 293, 307, 311.

283-க்கு மீதி 170. 293-க்கு ஈவு 3413, மீதி பூஜ்யம். மூன்று தடவை போட்டுப் பார்த்தார். மூன்று தடவையும் பூஜ்யம்.

திங்கட்கிழமை காலை, பலகையில் 293 × 3413 என்று எழுதிவிட்டு நகர்ந்து நின்றார். அசரியா தானே பெருக்கினார். 1000009 வந்தது.

"இது யாரோட பங்கு?"

"ஆளில்லாத பங்கு. கை தூக்க ஆள் இருந்தாத்தானே தூக்கும்? அட்டெண்டன்ஸ் பாக்காம பாடம் நடத்தினா இதான் சார் கதி."

அசரியாவின் காதுமடல் சிவந்தது.

"சரி. ஹெட்மாஸ்டர்கிட்ட நானே சொல்லிடறேன்." சாக்பீஸை நீட்டினார். "இன்னைக்கு முதல் பீரியடே லெவன்த்தான். பசங்களுக்கு இந்த நம்பர் தெரியும். 3413 மேற்கொண்டு வகுபடுமான்னு கேப்பாங்க. நீங்க பாத்திருப்பீங்களே."

சாம்பசிவன் பார்த்திருக்கவில்லை. அசரியாவைக் கவிழ்த்த இடத்தோடு நிறுத்தியிருந்தார்.

"பாத்தேன்."

"என்ன வந்துது?"

மணி அடித்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை. ஹில்டா டீச்சர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். சாம்பசிவன் பலகைப் பக்கம் திரும்பி மூன்றால் வகுக்கத் தொடங்கினார். பிறகு ஏழு, பதினொன்று, பதின்மூன்று.

"பதினேழுக்கு மீதி பதிமூணு சார்," முதுகுக்குப் பின்னால் அசரியா சொன்னார். "பன்னெண்டு இல்ல. அழிச்சிட்டுப் போடுங்க."